உற்ற தோழி

முத்தையாபுரத்தில் செல்லத்தாய் கடைக்குச் சாமான் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறவர்கள் வீட்டு ரகசியத்தையும் கூடவே கொடுத்துவிடுகிறார்கள். பாதிப் பேருக்கு அது தெரியாது. ஜவ்வரிசி கால் கிலோ என்றால் யாருக்கோ வயிறு சரியில்லை. மாதம் நாலு கிலோ சீனி வாங்குகிற வீடு திடீரென்று ஒரு கிலோவில் நின்றால், ஆஸ்பத்திரியில் பெரிய மனுஷனுக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். எந்த வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருக்கிறாள், எந்த வீட்டில் யார் பிள்ளை உண்டாகியிருக்கிறாள், எல்லாம் அந்தத் துண்டுக் காகிதத்தில் இருக்கும். வாசிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

செல்லத்தாயைச் சும்மா சொல்லக் கூடாது. வாசித்ததை ஒருநாளும் வெளியே விட்டவள் இல்லை. புருஷன் சங்கரபாண்டியன் காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டால் மதியம் வரை கடை அவள் கையில்தான். உப்பளத்துக்குப் போகிற பெண்களும், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் வீட்டுப் பெண்களும் சாமான் வாங்கிய கையோடு ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போவார்கள். இவள் பருப்பை நிறுத்துக்கொண்டே, "ஆமா, ஆமா" என்பாள். அடுத்தவள் வந்தால் அதைப் பற்றி மூச்சு விடமாட்டாள். "இந்தக் கடை பதினேழு வருசமா நிக்குன்னா சாமானால இல்லளா, இந்த வாயாலதான்" என்று மகளிடம் பெருமையாகச் சொல்லுவாள்.

மகள் இசக்கிசெல்வி ப்ளஸ் ஒன் படித்தாள். ஒரே பிள்ளை. அந்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு பீரியடு வைத்திருந்தார்கள். வியாழக்கிழமைதோறும் ஆறாவது மணி. பாடம் கிடையாது, பரீட்சை கிடையாது. கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும், அழுகை வந்தால் யாரிடம் போக வேண்டும், அடுத்தவர் மனம் வருந்துவதை எப்படித் தெரிந்துகொள்வது, இதெல்லாம் பேசுவார்களாம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற ஜெயபிரியா மிஸ்தான் அதற்குப் பொறுப்பு. திருநெல்வேலியில் ஐந்து நாள் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவள். அட்டைப் பெட்டி ஒன்றில் நீலத்தாள் ஒட்டி, மேலே ஒரு கீறல் போட்டு, 'மனசுப் பெட்டி' என்று எழுதி நூலகத்து வாசலில் வைத்திருந்தாள். வாயால் சொல்ல முடியாததைப் பேர் போடாமல் எழுதி அதில் போடலாம்.

"எங்க காலத்துல அழுகைன்னா அடி வாங்குனா தன்னால வரும். இப்பம் அதுக்கும் பீரியடு வச்சிட்டாவளா?" என்று செல்லத்தாய் சிரித்தாள். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் போய் மனம்விட்டுப் பேசுவதற்குப் பெரிய வகுப்பில் நாலு பேரைப் பொறுக்கி, 'உற்ற தோழி' என்று பச்சை பேட்ஜ் குத்திவிட்டார்கள். அதில் ஒருத்தி செல்வி என்றதும் செல்லத்தாய்க்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னாள். "எம் மவ காதுல போட்டா வெளிய வராது. எங்க ரத்தம்லா!"

"வெளிய வரணும்மா சிலது" என்றாள் செல்வி. "உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா மிஸ்கிட்ட வந்து சொல்லியே ஆவணுமாம். அதுதான் ரூல்."

"அதெல்லாம் ஒண்ணும் வராது, போ."

கார்த்திகை பிறந்து கொண்டல் காற்று ஆரம்பித்துவிட்டது. மூன்று நாள் அடைமழை. உப்பளமெல்லாம் தண்ணீர் கட்டிக்கொண்டு கிடந்தது. தை பிறந்து வெயில் ஏறுகிற வரைக்கும் அளத்தில் வேலை கிடையாது. கடையில் கருப்பட்டி வேர்த்து ஒழுகியது, உப்பு மூட்டைக்கு அடியில் ஈரம் ஊறி நின்றது. செல்லத்தாய் சாக்கை எடுத்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது சீனித்தாய் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். உப்பளத்துக்காரி. புருஷன் லாரி மோதிச் செத்து மூன்று வருஷமாகிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற ரம்யா மட்டும்தான் அவளுக்கு.

சேலை முந்தியில் நனையாமல் மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்து நீட்டினாள். பச்சரிசி இருபத்தைந்து கிலோ, துவரம்பருப்பு ஐந்து கிலோ, வெல்லம், விரலி மஞ்சள், தாம்பூலப் பை அறுபது, மஞ்சள் கயிறு ரெண்டு.

"என்ன விசேசம் சீனித்தாயி?"

"கோயில் கொடைக்கா. எங்க தம்பி ஊர்ல. விளாத்திகுளத்துக்கு அங்கன."

கார்த்திகை மழையில் எந்த ஊரில் திருவிழா வைத்துக் கொடை கொடுக்கிறார்கள்? அம்மன் கொடைக்குத் தாம்பூலப் பை எதற்கு? பெரியவளான சடங்கு என்று சொல்லலாம் என்றால், ரம்யாவின் சடங்குக்குச் சாமான் கட்டியதும் இதே கடைதான், ரெண்டு வருஷம் முன்னால். செல்லத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். சீனித்தாய் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உப்புத் தின்ற விரல்கள் நுனியெல்லாம் வெடித்து வெள்ளையாக இருந்தன.

அந்த விரல்களைப் பார்த்த பிறகு செல்லத்தாய்க்குக் கேட்க மனசு வரவில்லை. பருப்பை நிறுத்தாள். அரிசியைக் கட்டினாள். கடைசியில், "மஞ்சக்கயிறு மூணாத் தாரேன். ஒண்ணு கூட இருக்கட்டும்" என்று தானாகச் சொல்லி வைத்துக் கொடுத்தாள். சீனித்தாய் கண் கலங்கி, "நல்லா இருப்பீயக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. தாயும் மகளும் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மோரும் சுட்ட நெத்திலிக் கருவாடும் வைத்துச் சாப்பிட்ட மயக்கம் செல்லத்தாய்க்கு. செல்வி புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, கல்யாணம் உடம்புக்கு ஆபத்தா?"

"ஏளா, என்ன பேச்சு இது? யாருக்குக் கல்யாணம்?"

"ரம்யாவுக்கு. சீனித்தாய் அத்தை மவளுக்கு. அவ தாய்மாமனுக்குக் கட்டி வைக்கப் போறாவளாம். சுடலைராஜாம். லாரி ஓட்டுதவரு. இருபத்தெட்டு வயசு. மார்கழி பிறந்தா நாள் இல்லன்னு அடுத்த ஞாயித்துக்கெழமையே வச்சிட்டாவளாம். மறுநா அவளுக்குச் சோசியல் பரீட்சைம்மா!"

செல்லத்தாய் குனிந்து இன்னொரு புளியை எடுத்தாள். செல்வி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"சாமான் கட்டிக் குடுத்தேன்லா."

"தெரிஞ்சேவா குடுத்த?"

"பின்ன? சீட்டத் தூக்கி மூஞ்சில எறியச் சொல்லுதியா? இங்க பாரு. அவ புருசன் இல்லாதவ. வேல உள்ள மாசமெல்லாம் வெள்ளன நாலு மணிக்கு அளத்துக்குப் போறா. பிள்ள வீட்ல ஒத்தையில கெடக்கு. போன மாசம் எவனோ வந்து கதவத் தட்டிருக்கான். அந்தத் தாய் என்ன செய்வா சொல்லு?"

"தட்டுனவனப் பிடிக்கணும். இவளப் பிடிச்சுக் குடுத்துட்டா?"

"வாய் ரொம்ப நீளுது ஒனக்கு."

"அம்மா, அவ எங்கிட்ட வந்து அழுதாம்மா. வேண்டாம்க்கா, நான் படிக்கணும்க்கான்னு கையப் பிடிச்சுக்கிட்டா. நான் மிஸ்கிட்ட சொல்லிருதேன், நீ பயப்படாதன்னு சொல்லிட்டேன். திங்கக்கெழம சொல்லப் போறேன். பிள்ளைகளுக்குன்னு உள்ள ஆயிரத்துத் தொண்ணுத்தெட்டு நம்பருக்கு மிஸ் போன் பண்ணுவாங்க, வந்து நிப்பாட்டிருவாங்க."

செல்லத்தாய் புளிக் கையோடு மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏளா, வேண்டாம். போலீஸ் வந்தா முதல்ல சீனித்தாயத்தான் வேன்ல ஏத்துவான். அப்பனும் இல்ல, தாயும் ஜெயிலுக்குப் போனா அந்தப் பிள்ள எங்கன போயி நிக்கும்? அது மட்டுமா? யாரு காட்டிக் குடுத்தான்னு தேடுவாவ. செல்லத்தாய் மவதான்னு ஒரு நாள்ல தெரிஞ்சிரும். பெறவு ஒருத்தி நம்ம வாசல்ல வந்து வாயத் தொறப்பாளா?"

"வேற யாரு சொல்லுவா அப்பம்?"

"யாராவது சொல்லுவா. ஒனக்கெதுக்கு? எந் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு."

"அம்மா..."

"பண்ணுளா!"

செல்வி அழுதாள். அழுதுகொண்டே தாயின் தலையில் கையை வைத்தாள். தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் தாய் செத்துப்போவாள் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளை. பதினாறு வயசானால் என்ன, அந்தப் பயம் போய்விடுமா? செல்லத்தாய்க்கும் அது தெரிந்துதான் கேட்டாள். பாவம் என்று அப்போது தோன்றவில்லை, நிம்மதியாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க ரம்யா ஒவ்வொரு இடைவேளைக்கும் ப்ளஸ் ஒன் வராந்தாவுக்கு வந்து நின்றாளாம். செல்வி பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். இதையெல்லாம் அவள் தாயிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் முடிந்து, திங்கள்கிழமை ரம்யாவின் நம்பர் ஒட்டிய பெஞ்சு காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, அப்பா சங்கரபாண்டியனிடம் சொல்லி அழுதாள். அவர் ஒன்றும் புரியாமல் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு மார்க்கெட் பையை எடுத்து வைக்கப் போனார்.

மார்கழி முழுக்க வீடு துக்க வீடாகத்தான் இருந்தது. பேட்ஜ் எங்கே என்று செல்லத்தாய் கேட்டதற்கு, "குடுத்துட்டேன்" என்று ஒற்றை வார்த்தை. எது கேட்டாலும் "ம்". சாளைமீன் போட்டுப் புளிமுளம் குழம்பு வைத்தால் சட்டியை வழித்துத் தின்கிற பிள்ளை, நாலு வாய் அள்ளிப் போட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடும். சுவரைப் பார்த்துப் படுக்கும். கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், பள்ளிக்கூடச் சட்டை தோளில் தொங்கியது. செல்லத்தாய் வேப்பிலை அடித்தாள், திருநீறு போட்டாள், ஒருநாள் கோபம் தாங்காமல் முதுகில் ரெண்டு வைத்தாள். எதற்கும் அசையவில்லை. ஊரார் கதையெல்லாம் கேட்டு வைத்திருக்கிறவளுக்குத் தன் பிள்ளை வாயிலிருந்து ஒரு சொல் வாங்க வக்கில்லாமல் போய்விட்டது. பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்று உள்ளுக்குள் கிடந்து நடுங்கினாள்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் கடையில் ஆள் இல்லை. ஒரு பைக் வந்து ரோட்டோரம் நின்றது. பின்னாலிருந்து சேலை கட்டிய பெண் ஒருத்தி கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது, ரம்யா. கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

"அத்தை, சாமான்."

தாய்வீட்டுக்குப் பொங்கலுக்கு வந்தவர்கள் ஊருக்குத் திரும்புகிறார்களாம். இப்போது மாமியாராகிவிட்ட அம்மாவழி ஆச்சி போனில் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். பரீட்சைப் பேப்பரில் போடுகிற மாதிரி ஓரத்தில் மார்ஜின் போட்டு, ஒன்று, ரெண்டு என்று நம்பர் இட்டு உருண்டை உருண்டையாக எழுதியிருந்தாள். செல்லத்தாயால் அந்தச் சீட்டை வாசிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு வாசித்தாள்.

"அக்கா இருக்காங்களா?"

"பள்ளிக்கூடம் போயிருக்கா."

"ஆமா, இன்னைக்கு வியாழக்கெழமல்லா." ரம்யா ரோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அத்தை, ஒண்ணு கேப்பேன், கோச்சுக்கிடக் கூடாது. அக்கா மிஸ்கிட்ட சொல்லலியா?"

செல்லத்தாய் கையில் மிளகாய்வத்தல் பை அப்படியே நின்றது.

"சொல்லுதேன்னாங்க. அதான் நான் வீட்ல சண்ட கூடப் போடல. எப்படியும் வந்திருவாவன்னு கோயில்ல உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வேன் வந்துச்சு. மாலையோட எந்திரிச்சே நின்னுட்டேன்த்தை. அது சமையக்காரங்க வேன்."

நான்தான் தாயி, நான்தான் அவள் வாயைக் கட்டினேன் என்று சொல்லத்தான் செல்லத்தாய் நினைத்தாள். அதற்குள், "ஏளா, எவ்வளவு நேரம்?" என்று பைக்கிலிருந்து சத்தம் வந்தது.

"வாரேன்!" என்ற ரம்யா பையை வாங்கிக்கொண்டாள். "பரவால்லத்தை. அக்காவும் பயந்திருப்பாங்க. நான் கேட்டேன்னு சொல்லாதீங்க, வருத்தப்படுவாங்க."

பைக் போய் வெகுநேரம் ஆன பிறகும் செல்லத்தாய் உட்காரவில்லை. ஒரு ஆள் வந்து பீடிக்கட்டு கேட்டதற்குத் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் செல்வி பையைக் கழற்றுமுன்னே அவளிடம் சொல்லிவிட்டாள். பதினேழு வருஷத்தில் கடையில் கேட்ட பேச்சை அவள் இன்னொருவரிடம் கொண்டுபோனது அதுதான் முதல் தடவை. ஒன்றையும் மறைக்கவில்லை. வேன் வந்ததையும் சொன்னாள், தான் வாய் பேசாமல் நின்றதையும் சொன்னாள்.

செல்வி சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று பார்த்தால் அழவில்லை. "எங்கிட்ட ஏம்மா சொல்லுத?" என்றாள். ஒன்றரை மாதத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம். "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? மிஸ்கிட்ட போய்ச் சொல்லு. நீ பெரிய ஆளுதான? இப்பம் சொன்னாக்கூட அவளக் கூட்டிட்டு வந்து படிக்க வைக்கலாம். மிஸ் விட மாட்டாங்க. மிஸ்ஸுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே விட்டிருக்க மாட்டாங்க."

செல்லத்தாய் சேலையைக்கூட மாற்றவில்லை. மகளைக் கடையில் உட்காரவைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு 1098 என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற பிள்ளை படம் வரைந்திருந்தது. பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடித்துவிட்டு ஜெயபிரியா மிஸ் அப்போதுதான் கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். முப்பதுகூட இருக்காது.

"செல்வி அம்மாவா? உக்காருங்கக்கா. நானே உங்களப் பாக்கணும்னு இருந்தேன். செல்வி எப்படி இருக்கா?"

"அவளுக்கு என்னன்னு சொல்லத்தான் வந்தேன் டீச்சர். ரம்யான்னு ஒரு பிள்ள, ஒம்பதாப்பு..."

மிஸ்ஸின் முகம் மாறியது. எழுந்து போய் வாசலில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தாள். "தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாமே. கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கெழம பெட்டியத் தொறந்தா, எழுதிப் போட்டிருந்தா. பேர் போடல. ஆனா அவ கையெழுத்து எனக்குத் தெரியாதா? மார்ஜின் போடாம ஒரு வரி எழுத மாட்டா. ஹெச்.எம்.கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். அன்னைக்கு மத்தியானமே அவங்கம்மா டி.சி. கேட்டு வந்துட்டாங்க. 'குடுத்து விட்டுருங்க. டி.சி. போயிட்டா அது நம்ம பிள்ளை இல்ல. ஸ்கூல் பேரு பேப்பர்ல வந்தா யாருக்கு லாபம்?'னு சொல்லிட்டாரு. நான் டெம்பரரி போஸ்ட்க்கா. என் சம்பளத்துலதான் எங்க வீடு ஓடுது." அவள் கைப்பையை மறுபடி மேசையில் வைத்தாள். "ஒவ்வொரு வியாழக்கெழமையும் அந்த கிளாஸ்ல போய் நின்னு பேச எனக்கு நாக்கு கூசுதுக்கா."

செல்லத்தாய்க்குக் கோபம் வந்தது. நீயெல்லாம் ஒரு வாத்திச்சியா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? "இப்பம் ஏதும் செய்ய முடியாதா டீச்சர்?"

"இப்ப போன் பண்ணினா, தெரிஞ்சும் ஏன் சொல்லலன்னு முதல்ல என்னத்தான் கேப்பாங்க. நீங்க பண்ணுங்கக்கா. பேர் சொல்லாமக்கூட பண்ணலாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செல்விகிட்ட மட்டும் இதச் சொல்லிராதீங்கக்கா. அந்தப் பிள்ள என்ன ரொம்ப நம்பியிருக்கு" என்றாள்.

வெளியே வந்து அந்தச் சுவருக்கு எதிரே செல்லத்தாய் நின்றாள். செல்போனை எடுத்து நாலு எண்ணையும் அழுத்தினாள். பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. சீனித்தாயின் வெடித்த விரல்கள் நினைவுக்கு வந்தன. போலீஸ் வேன் வந்து நிற்பதும், தெருவே கூடுவதும், சாமான் கட்டிக் கொடுத்தது யார் என்று கேட்பதும் நினைவுக்கு வந்தன. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. எண்களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். தன்னைக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். செல்வி கடை வாசலுக்கே இறங்கி வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"சொன்னியாம்மா?"

"சொன்னேன்."

"மிஸ் என்ன சொன்னாங்க?"

செல்லத்தாய் மகளின் முகத்தைப் பார்த்தாள். எத்தனை நாள் கழித்து அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"எங்கிட்ட முன்னாலயே சொல்லிருந்தா விட்டிருப்பேனான்னு ஏசுனாங்க."

"நான்தான் சொன்னேன்லா! மிஸ்ஸப் பத்தி எனக்குத் தெரியும். போன் பண்ணுவாங்களாமா?"

"பண்ணுவாங்க."

"ரம்யாவக் கூட்டிட்டு வந்திருவாங்களா?"

"வந்திருவாங்க. நீ வந்து சாப்பிடு."

செல்வி கைகழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ரம்யா திரும்பி வந்தால் தன்னுடைய பழைய நோட்டையெல்லாம் கொடுக்க வேண்டும், பாதி வருஷப் பாடத்தைத் தானே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். தட்டு காலியானதும், இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள். செல்லத்தாய் போட்டாள்.